லாரி முன்பு என்ன சுமந்தது? பழைய பத்தடி லாரி, பிக்கப் வாங்குவோருக்கு

சிங்கப்பூரில் பழைய லாரி பார்க்கப் போகிறவர் முதலில் கேட்பது, "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இத்தனை நாளும் இந்த வண்டி எந்த வேலைக்கு ஓடியது?

ஒரே மாதத்தில் பதிவான இரண்டு பத்தடி லாரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஏர்கான் பழுதுபார்க்கும் நிறுவனத்தில் ஏணியும் கருவிப்பெட்டியும் சுமந்தது. இன்னொன்று விடிகாலையில் மீன் ஏற்றியது. மீட்டரில் இரண்டும் 1,40,000 காட்டலாம். ஆனால் மீன் லாரியின் டெக்கிலிருந்து உப்பு கலந்த ஐஸ் தண்ணீர் தினமும் சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) மேல் சொட்டியிருக்கும். பிரேக் குழாய், லீஃப் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் கொக்கி, குறுக்குச் சட்டம் எல்லாம் உள்ளுக்குள் அரித்திருக்கும். ஏர்கான் லாரியில் கிளட்சும் கதவுக் கீலும் தேய்ந்திருக்கும், அவ்வளவுதான். விலை ஒன்றாக இருந்தாலும் இரண்டும் ஒரே வண்டி இல்லை. கீழே சொல்வதெல்லாம் அந்தப் பழைய வேலையைக் கண்டுபிடிப்பதற்கும், அது உங்கள் வேலைக்கு ஒத்துவருமா என்று பார்ப்பதற்கும்தான்.

உங்கள் சுமையை முதலில் எடை போடுங்கள்

வண்டியின் பக்கவாட்டில் இரண்டு எடைகள் எழுதியிருக்கும். யூஎல்டபிள்யூ என்பது வெற்று வண்டியின் எடை. எம்எல்டபிள்யூ என்பது ஆள், சரக்கு எல்லாம் சேர்ந்து தாண்டக்கூடாத மொத்த எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்களுக்குக் கிடைப்பது.

எம்எல்டபிள்யூ 3,500 கிலோ, யூஎல்டபிள்யூ 2,050 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 1,450. முன்னால் மூன்று பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு 70 கிலோ வீதம் 210 போய்விடும். சரக்குக்கு 1,240 கிலோ. 25 கிலோ அரிசி மூட்டையாகக் கணக்குப் போட்டால் 49 மூட்டை. மளிகைக் கடைக்கு இது தாராளம். தரை ஓடு போடுகிறவருக்குப் போதாமல் போகலாம். 60 சென்டிமீட்டர் சதுர ஓடு ஒன்றே ஏறத்தாழ 8 கிலோ வரும், பெட்டி பெட்டியாக அடுக்கினால் பாதி டெக் நிரம்புவதற்குள் எடை முடிந்துவிடும். டெயில்கேட் லிஃப்ட் (பின்பக்கம் சரக்கைத் தூக்கும் மேடை), இரும்புக் கூண்டு, கேனப்பி (டெக்கின் மேற்கூரை) என்று எதைப் பொருத்தினாலும் அது வெற்று எடையில் ஏறி, சரக்கின் பங்கைக் குறைக்கும். அதனால் லிஃப்ட் உள்ள லாரிதான் உயர்ந்தது என்று நினைக்க வேண்டாம். தினமும் கனமான பெட்டியை ஏற்றி இறக்குகிறவருக்கு அது முதுகெலும்பைக் காக்கும் கருவி. மற்றவருக்கு வீண் சுமை.

ஓட்டுநர் உரிமத்தையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். வகுப்பு 3 உரிமம் உள்ளவர் வெற்று எடை 2,500 கிலோ வரையுள்ள லாரியைத்தான் ஓட்டலாம். அதற்கு மேல் வகுப்பு 4 வேண்டும். வகுப்பு 3ஏ உரிமக்காரர் ஆட்டோ கியர் மட்டுமே ஓட்ட முடியும், ஆனால் சந்தையில் உள்ள பழைய பத்தடி லாரிகளில் பெரும்பாலானவை மேனுவல். வண்டியை வாங்கி நிறுத்திவிட்டு ஓட்டுநரைத் தேடுவது வேண்டாத செலவு.

எம்எல்டபிள்யூ 3,500 கிலோவுக்குள் இருப்பதில் வேறு வசதிகளும் உண்டு. இலகுரக வாகனம் என்ற கணக்கில் விரைவுச்சாலையில் மணிக்கு 70 கிலோமீட்டர் போகலாம். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தும் விதி 3,500 கிலோவைத் தாண்டிய லாரிகளுக்குத்தான். கனரக வாகனங்கள் காட்ட வேண்டிய நிறுத்துமிடச் சான்றிதழும் தேவைப்படாது. சிறு தொழிலுக்கு இந்த எல்லைக்குள் நிற்பதே நல்லது.

அடுத்து டெக்கின் அளவு. பத்தடி லாரியின் டெக் சுமார் 3 மீட்டர். எட்டுக்கு நாலு அடி பிளைவுட், அதாவது 2.44 மீட்டருக்கு 1.22 மீட்டர், சமமாகப் படுத்து உட்காரும். இரட்டைக் கேபின் பிக்கப்பின் பின்பெட்டி ஏறத்தாழ 1.5 மீட்டர்தான். டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு டி-மேக்ஸ், நிசான் நவாரா, மிட்சுபிஷி டிரைட்டன் எல்லாம் இந்த அளவுக்கு அக்கம்பக்கம்தான். சக்கர மேடுகளுக்கு இடையே உள்ள அகலம் 1.1 மீட்டர் அளவில் இருப்பதால் பிளைவுட் தட்டையாக உட்காராது, மேட்டின்மேல் ஏறி நிற்கும். பிக்கப் பார்க்க அழகு. சேறு நிறைந்த கட்டுமானத் தளத்துக்கும், நாலு ஆளோடு கருவிகளைக் கொண்டு போகிறவருக்கும் அது பொருத்தம். சரக்குதான் தொழில் என்றால் பத்தடி லாரிதான் சோறு போடும்.

ஊழியர்களைக் கூட்டிச் செல்வதாக இருந்தால் இரட்டைக் கேபின் வண்டியையே வாங்குங்கள். பின்டெக்கில் ஆள் ஏற்ற கேனப்பி, உயரமான பக்கத் தடுப்பு, எத்தனை பேர் ஏறலாம் என்ற அறிவிப்பு எல்லாம் விதிப்படி வேண்டும். கேபினில் இடம் இருக்கும்வரை டெக்கில் ஆள் ஏற்றவும் கூடாது. ஆனால் விதியைப் பற்றி மட்டும் யோசித்து முடிவெடுக்க வேண்டாம். டெக்கில் உட்காருபவருக்கு இருக்கைவார் கிடையாது. திடீரென்று பிரேக் பிடித்தாலே ஆள் தூக்கி எறியப்படுவார். கூடுதலாகச் சில ஆயிரம் வெள்ளி கொடுத்து நாலு பேருக்கு இருக்கையும் வாரும் வாங்க முடிந்தால் அந்தப் பணத்துக்கு அதைவிட நல்ல செலவு இல்லை.

உயரத்தை டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கேனப்பியோடு 2.3 மீட்டர் இருக்கிற லாரி பல அடித்தள நிறுத்துமிடங்களுக்குள் நுழையாது. நீங்கள் வழக்கமாகச் சரக்கு இறக்கும் மூன்று நான்கு இடங்களின் உயர எல்லைப் பலகையைப் பார்த்து வைத்துக்கொண்டு அதன் பிறகு லாரி பாருங்கள்.

வெள்ளிக் கணக்கு

சரக்கு வாகனங்கள் சிஓஇயில், அதாவது வாகன உரிமைச் சான்றிதழில், சி பிரிவைச் சேர்ந்தவை. சிஓஇ 10 ஆண்டுக்கு. பதிவை நீக்கும்போது கார்களுக்குக் கிடைக்கும் பார்ஃப் தள்ளுபடி சரக்கு வாகனத்துக்குக் கிடையாது. சிஓஇ முடியும் நாளில் லாரியின் மதிப்பு பழைய இரும்பின் விலை, அல்லது ஏற்றுமதி செய்பவர் கொடுக்கும் சிறு தொகை. ஆகவே நீங்கள் கொடுக்கும் விலையை மீதமுள்ள காலத்தால் வகுத்தாலே உண்மையான செலவு தெரிந்துவிடும்.

கணக்குக்காக இரண்டு லாரிகள். ஒன்று 36,000 வெள்ளி, சிஓஇ 4 ஆண்டு 6 மாதம் மீதி. ஆண்டுக்கு 8,000. இன்னொன்று 24,000 வெள்ளி, 2 ஆண்டு 6 மாதம் மீதி. ஆண்டுக்கு 9,600. விளம்பரத்தில் மலிவாகத் தெரிவது இரண்டாவது. ஆண்டுக்கு 1,600 வெள்ளி அதிகம் தின்பதும் அதுதான்.

சிஓஇயைப் புதுப்பித்து ஓட்டலாம் என்ற எண்ணம் இருந்தால், கடந்த மூன்று மாத சிஓஇ விலையின் சராசரியைக் கட்ட வேண்டும். 5 ஆண்டுக்கு அதில் பாதி. 2025இல் சி பிரிவு 60,000 வெள்ளிக்கு மேல் நின்றது, எனவே 5 ஆண்டுக்கே 30,000க்கு மேல். சரக்கு வாகனத்தின் மொத்த ஆயுள் வரம்பு 20 ஆண்டு என்பதையும் மறக்க வேண்டாம். ஏற்கெனவே ஒருமுறை புதுப்பித்த லாரியை வாங்கும்போது, பதிவேட்டில் ஆயுள் முடியும் தேதியைப் பார்க்காமல் விலை பேசக் கூடாது.

பத்து ஆண்டைத் தாண்டிய லாரிக்கு இன்னொரு செலவும் உண்டு. அதுவரை ஆண்டுக்கு ஒருமுறை இருந்த கட்டாயப் பரிசோதனை 6 மாதத்துக்கு ஒருமுறை ஆகிவிடும். ஒவ்வொரு முறையும் அரை நாள் வண்டி நிற்கும். தேறாவிட்டால் பழுது பார்த்து மறுபடியும் போக வேண்டும். ஒரே ஒரு லாரி வைத்துத் தொழில் செய்கிறவருக்கு அந்த நாளின் வருமானமும் செலவுக் கணக்கில்தான் வரும்.

இந்தக் கணக்கோடு, வாங்கும் விலையில் பத்தில் ஒரு பங்கை முதல் மூன்று மாதப் பழுதுக்கென்று ஒதுக்கி வையுங்கள். அந்தப் பணம் கையில் இல்லாவிட்டால் இன்னும் மலிவான வண்டியைத் தேடுங்கள். இருப்பதை எல்லாம் வண்டி விலையிலேயே கொட்டிவிட வேண்டாம்.

வண்டிக்கு அடியில்

பெயின்ட் அடிப்பது சுலபம். அதனால் மேலே பார்ப்பதைவிடக் கீழே பார்ப்பதற்கு இரு மடங்கு நேரம் கொடுங்கள். தேவையானவை: பளிச்சென்ற கைவிளக்கு, ஒரு சிறு சுத்தியல், அளவு டேப், விரிக்க ஒரு அட்டை. பகலில், மழை இல்லாத நேரத்தில் போங்கள். மழையில் நனைந்த சேசிஸில் எண்ணெய்க் கசிவு எது, தண்ணீர் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

முதலில் சேசிஸின் இரண்டு நீளக் கட்டைகளை முன்னிருந்து பின்வரை விளக்கடித்துப் பாருங்கள். மேலோட்டமான செந்துரு எல்லா லாரியிலும் இருக்கும். அதற்குப் பயப்பட வேண்டாம். செதில் செதிலாக உரிந்து வரும் துருதான் ஆபத்து. சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். நல்ல இரும்பு மணிபோல் ஒலிக்கும். உள்ளே அரித்த இடம் மந்தமாக, அட்டையைத் தட்டியதுபோல் கேட்கும். ஸ்பிரிங் கொக்கிகள் சேசிஸோடு சேரும் இடம், கேபினுக்குப் பின்னால் டெக் தொடங்கும் இடம், பின் அச்சுக்கு நேர்மேல் வளையும் இடம், இந்த மூன்றிலும் கூடுதல் கவனம் வேண்டும். அதிகச் சுமை ஏற்றிய லாரி முதலில் விரிசல் விடுவது இந்த இடங்களில்தான்.

வெல்டிங் தழும்பு தெரிந்தால் எதற்காக என்று கேளுங்கள். லிஃப்ட் அல்லது கூண்டு பொருத்துவதற்காகப் போட்ட வெல்டிங் வேறு, நீளக் கட்டையின் குறுக்கே ஒட்டுப் போட்ட வெல்டிங் வேறு. இரண்டாவது வகையைக் கண்டால் விலை எவ்வளவு குறைந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். அடிப்பகுதி முழுக்க நேற்று அடித்ததுபோல் கறுப்புப் பூச்சு மின்னினால், பிரேக் குழாய்மேலும் போல்ட் தலைமேலும் அது வழிந்திருக்கிறதா என்று பாருங்கள். வழிந்திருந்தால் துருவை மறைக்க அவசரமாகத் தெளித்தது.

பிரேக் குழாய்களை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாகப் பொருக்கு தட்டினால் உப்புத்தண்ணீர் பட்ட வண்டி. மீன், கடலுணவு, ஐஸ் சுமந்த லாரியில் டெக் பலகைக்கும் சேசிஸுக்கும் நடுவே வெள்ளைப் பொடி படிந்திருக்கும். கழுவினாலும் மூலைமுடுக்கில் வாடை போகாது. செடி, மண் ஏற்றிய லாரியில் டெக்கின் ஓரத்தில் ஈரமண் அடைந்து தரைத்தகட்டை அரித்திருக்கும். கட்டுமானச் சரக்கு ஏற்றிய லாரியின் பக்கத் தடுப்புகள் வெளிப்பக்கமாகப் பிதுங்கியும், தரையில் சிமென்ட் திட்டுத் திட்டாகவும் இருக்கும். லாரியின் பழைய வேலையை விற்கிறவர் சொல்லாவிட்டாலும் டெக் சொல்லிவிடும்.

லீஃப் ஸ்பிரிங்கில் தகடு தகடாக எண்ணிப் பாருங்கள். நடுவில் உள்ள தகட்டில் விரிசல் விழுந்தால் பக்கத்திலிருந்து மெல்லிய கறுப்புக் கோடாக மட்டுமே தெரியும். சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து டெக்கின் அடிவிளிம்பு வரை இடமும் வலமும் அளங்கள். 15 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒரு பக்க ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது சேசிஸ் முறுக்கேறியிருக்கிறது. முன்னது செலவு, பின்னது தலைவலி. கூடுதலாக ஒரு தகடு சொருகியிருந்தால் அந்த லாரி எடைக்கு மேல் சுமந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இன்ஜின் விசையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டை இரண்டு கையாலும் பிடித்துத் திருகுங்கள். இணைப்பில் கடகடவென்று ஆட்டம் இருந்தால் சிலுவை மூட்டு தேய்ந்துவிட்டது. நடுத் தாங்கியின் ரப்பர் கிழிந்திருந்தால் 50 கிலோமீட்டர் வேகத்தில் தரை அதிரும். இவை இரண்டும் பெரிய செலவில்லை. விலை குறைக்கக் கைகொடுக்கும்.

டயரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சட்டப்படி ஓட்ட முடியாது. ஆனால் பள்ளத்தைவிடத் தேய்ந்த விதத்தைப் பாருங்கள். உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் சக்கர அமைப்பில் கோளாறு. அலை அலையாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் செத்துவிட்டது. அளவுக்குப் பின்னால் "சி" என்ற எழுத்துள்ள சரக்கு வாகன டயர்தானா என்றும் உறுதி செய்யுங்கள். கார் டயர் மாட்டிய லாரி முழுச் சுமையோடு வெயிலில் ஓடும்போது டயர் வெடிக்கலாம்.

குளிர்ந்த இன்ஜினைத்தான் கேளுங்கள்

நீங்கள் வருவதற்குமுன் வண்டியை முடுக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் இன்ஜின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் ஏதோ ஒன்றை மறைக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லுங்கள்.

முடுக்குவதற்குமுன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். குளிர்நீர் பச்சையாகவோ சிவப்பாகவோ தெளிவாக இருக்க வேண்டும். பழுப்பாக இருந்தால் வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். எண்ணெய்ப் படலம் மிதந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்பக்கம் தார்போல் கெட்டியாக ஒட்டியிருந்தால் எண்ணெய் மாற்றாமல் ஓட்டிய வண்டி.

முடுக்கியதும் புகையைப் பாருங்கள். இரண்டு மூன்று விநாடி வெளிர்புகை வந்து நின்றால் கவலை இல்லை. நீலப்புகை நிற்காமல் வந்தால் எண்ணெய் எரிகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது கரும்புகை பொங்கினால் காற்று வடிகட்டி, இன்ஜெக்டர், டர்போ, இந்த மூன்றில் ஒன்று. டீசல் லாரி பரிசோதனையில் புகையின் அடர்த்தியை அளப்பார்கள், தேறாவிட்டால் சாலைவரி புதுப்பிக்க முடியாது. ஆகவே புகை என்பது மெக்கானிக்கின் கவலை மட்டும் அல்ல.

இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது எண்ணெய் மூடியைத் திறந்து துளையின்மேல் தலைகீழாக வையுங்கள். இலேசாக நடுங்கினால் சரி. தூக்கி எறியப்பட்டு, துளையிலிருந்து புகை தெறித்து வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

2018 ஜனவரியிலிருந்து புதிய டீசல் வாகனங்களுக்கு யூரோ 6 தரம் கட்டாயம். அதனால் அதற்குப் பிந்தைய லாரிகளில் புகைத்துகளைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி இருக்கும். இங்கே ஒரு சிக்கல். தேக்காவிலிருந்து கேலாங்குக்கும், அங்கிருந்து வீவக பேட்டைகளுக்கும் நின்று நின்று ஓடும் லாரியில் அந்த வடிகட்டி எரிக்கும் சூட்டுக்கு வராமலே அடைத்துக்கொள்ளும். எச்சரிக்கை விளக்கு எரிந்து, வேகம் தானே குறைந்துவிடும். வாங்கும்முன் மெக்கானிக்கிடம் கணினியை மாட்டி, எத்தனை தடவை எரிப்புச் சுற்று நடந்தது, எத்தனை தடவை பாதியில் நின்றது என்று படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வாங்கிய பிறகு வாரம் ஒருமுறையாவது பிஐஇ விரைவுச்சாலையில் 25 நிமிடம் ஒரே வேகத்தில் ஓட்டினால் பெரும்பாலும் இந்தத் தொல்லை வராது. வடிகட்டியையே கழற்றி எறிந்த வண்டி என்றால் வாங்கவே கூடாது.

சுமையோடு ஓட்டிப் பாருங்கள்

காலி லாரி எதுவுமே நன்றாகத்தான் ஓடும். விற்பவர் சம்மதித்தால் 20 மூட்டை அரிசியை, அதாவது 500 கிலோவை ஏற்றிக்கொண்டு அரை மணி நேரம் ஓட்டுங்கள். அதில் விரைவுச்சாலை 10 நிமிடம், போக்குவரத்து விளக்குகள் நிறைந்த சாலை 10 நிமிடம், மாடிக்கு லாரி ஏறும் தொழிற்பேட்டைச் சரிவுப் பாதை ஒன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

புறப்படும்முன் கிளட்ச் சோதனை: கைபிரேக்கை இழுத்து, மூன்றாம் கியரில் போட்டு, கிளட்சை மெல்ல விடுங்கள். இன்ஜின் திணறி அணைய வேண்டும். அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. இரண்டாம் கியருக்கு இறக்கும்போது கரகரத்தால், கியரை உரசாமல் சேர்க்கும் சின்க்ரோ தேய்ந்திருக்கிறது. நிறுத்தி நிறுத்திச் சரக்குப் போட்ட லாரிகளில் முதலில் போவது இதுதான். சரிவில் ஏறும்போது வெப்பமானியின் முள் நடுவைத் தாண்டக் கூடாது. ஏசியை முழுமையாகத் திறந்துவிட்டே இந்தச் சோதனையைச் செய்யுங்கள், இந்த ஊரில் ஏசி போடாமல் யாரும் ஓட்டப் போவதில்லை. 60 கிலோமீட்டரில் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் பின்னால் ஊளைச் சத்தம் எழுந்தால் பின் அச்சிலுள்ள டிஃபரன்ஷியல் தேய்ந்திருக்கிறது. ஸ்டியரிங்கை இலேசாகப் பிடித்தபடி பிரேக் பிடியுங்கள். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் அந்தப் பக்கக் காலிப்பரையோ எதிர்ப்பக்கத்தையோ பார்க்க வேண்டும்.

திரும்பி வந்து பத்து நிமிடம் இன்ஜினை அப்படியே ஓடவிட்டு, கீழே விரித்த அட்டையில் சொட்டு விழுந்திருக்கிறதா பாருங்கள்.

மாடலுக்கு மாடல் வரும் கோளாறு

டொயோட்டாவின் 1கேடி, 2கேடி இன்ஜின்கள் பல ஹைலக்ஸ், டைனா வண்டிகளில் இருப்பவை. இவற்றில் இன்ஜெக்டருக்கு அடியிலுள்ள செம்பு வளையம் கசிந்தால் எரிந்த வாயு இன்ஜின் எண்ணெயில் கலந்து கசடாகும். கசடு போய் எண்ணெய் உறிஞ்சும் சல்லடையை அடைக்கும். எண்ணெய் ஏறாமல் இன்ஜினே பிடித்துக்கொள்ளும். வளையம் மாற்றிய ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வாங்கியதும் மாற்றுவதற்கும் சல்லடையைக் கழற்றிக் கழுவுவதற்கும் பணம் ஒதுக்குங்கள். 1கேடியின் டைமிங் பெல்ட் 1,50,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டியது. மீட்டர் 1,45,000 காட்டும்போது விற்பனைக்கு வந்த வண்டி அந்தச் செலவைத் தவிர்க்க வந்ததாகவும் இருக்கலாம்.

இசுசுவின் 4ஜேஜே1 அலட்டிக்கொள்ளாத இன்ஜின். டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். நேரத்துக்கு எண்ணெய் மாற்றினால் நீண்ட காலம் உழைக்கும். டி-மேக்ஸ் பிக்கப்பிலும் இசுசு சிறு லாரிகளிலும் பார்க்கலாம். விலை கொஞ்சம் தூக்கலாக இருந்தாலும் மறுவிற்பனையில் அது திரும்பிவிடும். ஒரே லாரியை நம்பித் தொழில் செய்பவருக்கு இதுவே எங்கள் முதல் பரிந்துரை.

நிசான் நவாரா டி40 மாடலின் ஒய்டி25 இன்ஜினில் செயின் தேய்ந்து தளரும் குறை பரவலாக அறியப்பட்டது. குளிர்ந்த இன்ஜினை முடுக்கும்போது முன்பக்கத்திலிருந்து சங்கிலி உரசும் சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். மிட்சுபிஷி ஃபூசோ கேன்டரில் டுவோனிக் என்ற இரட்டைக் கிளட்ச் ஆட்டோ கியர் உள்ளவை உண்டு. ஓட்டுவதற்கு இதமானது. ஆனால் பழுதானால் சாதாரணப் பட்டறையில் கைவைக்க முடியாது, பழுதுபார்ப்பவர் யார் என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

சுமை 600, 700 கிலோவுக்குள் என்றால் டைஹட்சு கிரான் மேக்ஸ் போன்ற 1.5 லிட்டர் பெட்ரோல் வண்டி போதும். இன்ஜின் இருக்கைக்கு அடியில் இருப்பதால் கேபின் சூடாகும், ஆனால் பராமரிப்பு எளிது, துகள் வடிகட்டித் தொல்லையும் இல்லை. பூ, பலகாரம், ஏர்கான் பழுதுபார்ப்பு போன்ற வேலைகளுக்கு டீசல் லாரி வாங்குவது எறும்புக்கு யானைத் தீனி போடுவதுபோல.

தாளும் கையெழுத்தும்

சேசிஸில் பொறித்த எண்ணும் இன்ஜின் எண்ணும் பதிவேட்டு எண்களோடு ஒத்துப்போகின்றனவா என்று நீங்களே படித்துச் சரிபாருங்கள். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் இணையத்தளத்திலிருந்து வாகன விவரத்தை உரிமையாளரை எடுத்துத் தரச் சொல்லுங்கள்: பதிவு தேதி, சிஓஇ முடியும் தேதி, ஆயுள் முடியும் தேதி, எத்தனை கை மாறியது, அடுத்த பரிசோதனை எப்போது. லிஃப்ட், கேனப்பி, கூண்டு பொருத்தியதற்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். அனுமதியில்லாத மாற்றத்துக்குப் பரிசோதனையில் பதில் சொல்ல வேண்டியவர் புதிய உரிமையாளர்.

கடன் பாக்கி இருந்தால் நிதி நிறுவனத்தின் தீர்வுக் கடிதத்தில் உள்ள தொகையை அந்த நிறுவனத்துக்கே நேரே செலுத்துங்கள். மீதியை மட்டும் விற்பவரிடம் கொடுங்கள். முன்பணம் கட்டும்முன், "வாங்குபவர் தேர்ந்தெடுக்கும் நிலையத்தில் பரிசோதனை தேறினால் மட்டுமே விற்பனை, தேறாவிட்டால் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்" என்ற வரியை விற்பனைத் தாளில் எழுதி வாங்குங்கள். வைகாம், எஸ்டிஏ, ஜேஐசி நிலையங்கள் இருக்கின்றன. பரிசோதனையோடு நம்பிக்கையான பட்டறையில் வண்டியைத் தூக்கிப் பார்ப்பதும் வேண்டும்.

இந்த எழுத்தைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த பழுதான பொருள்களுக்கான சட்டம் பயனீட்டாளருக்கானது. முழுக்க முழுக்கத் தொழிலுக்காக நிறுவனத்தின் பெயரில் வாங்கும் லாரிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தாளில் எழுதி வாங்கியதுதான் உங்கள் கையில் இருக்கும் ஒரே பிடி. "கியர் பாக்ஸுக்கு ஒரு மாதம் நாங்க பார்த்துக்குவோம்" என்று வாயால் சொன்னதை, எந்தப் பாகம், எத்தனை நாள், உதிரிப்பாகம் யார் செலவு, கூலி யார் செலவு என்று எழுத்தாக்குங்கள்.

உரிமை மாற்றும் நாளுக்குள் உங்கள் பெயரில் காப்புறுதி தயாராக இருக்க வேண்டும். யார் ஓட்டுவார்கள், என்ன ஏற்றுவீர்கள், ஊழியர்களை ஏற்றிச் செல்வீர்களா என்பதைக் காப்புறுதி நிறுவனத்திடம் உள்ளபடி சொல்லுங்கள். கொஞ்சம் தொகை மிச்சப்படுத்த எதையாவது மறைத்தால் விபத்து நாளில் இழப்பீடு கிடைக்காமல் போகலாம்.

முதல் வாரம்

பழைய உரிமையாளர் எப்போது எதை மாற்றினார் என்று சொன்னாலும், எல்லாத் திரவத்தையும் ஒருமுறை மாற்றிவிடுங்கள். இன்ஜின் எண்ணெய் மாடலைப் பொறுத்து 6 முதல் 8 லிட்டர், கூடவே எண்ணெய் வடிகட்டி. டீசல் வடிகட்டி, காற்று வடிகட்டி. பிரேக் திரவத்தை நான்கு சக்கரத்திலும் பழையது முழுக்க வெளியேறும்வரை வடித்து மாற்றுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் அது தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு, சுமையோடு இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது கொதித்துவிடும். ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் யூ போல்ட்களை உரிய முறுக்குவிசையில் இறுக்கி, 500 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடியும் இறுக்கிப் பாருங்கள்.

கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல் எண்ணெயை வடிக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். வடிகால் போல்ட்டின் நுனியில் காந்தம் இருந்தால் மெக்கானிக் துடைப்பதற்குமுன் வாங்கிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் பசைபோல் ஒட்டியிருப்பது சாதாரணத் தேய்மானம். விரலில் உரசினால் குத்துகிற துகளோ, நகத்துண்டு அளவு சில்லோ இருந்தால், உத்தரவாதத் தாளில் உள்ள நாள் முடிவதற்குள் விற்றவரைக் கூப்பிடுங்கள்.